கேட்கக் கூடாத வாக்கியம்

தொப் என்று தலைக்கு மேலே ஒரு சத்தம். விழுந்தது என்று சொல்ல முடியாது. பஞ்சு மூட்டையை யாரோ மெல்ல வைத்த மாதிரி, வைத்துவிட்டுத் தரையோடு இழுத்த மாதிரி, பிறகு ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லாமல் இருந்து, பிறகு மறுபடி தொப். ஜெனிட்டாவின் கையில் பாதி செதில் உரசிய சாளை மீன் அப்படியே நின்றது. குழாயை மூடினாள். இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகிறது, எதிர்வீட்டு டிவியில் செய்தி ஓடுகிறது, தெருவில் பையன்கள் சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறார்கள், இந்த நேரத்தில் மொட்டைமாடியில் யார். பூனை இல்லை, பூனைக்கு இத்தனை கனம் கிடையாது. அவன்தான் என்றது மனசு. அவன் எப்படி வருவான், படி வீட்டுக்குள்ளேதானே இருக்கிறது என்றும் அதே மனசுதான் சொன்னது. ஆனால் பயத்துக்குப் படி எதற்கு, பக்கத்து வீட்டு மாடிச்சுவர் ஒட்டித்தானே நிற்கிறது, ஓடி ஆடிப் பழகின கால், ஒரு எட்டில் தாண்டிவிடும். கௌதமன் சார். இப்போதும் நினைப்பில் சார் என்றுதான் வருகிறது, அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிள்ளைக்கு ஹாக்கி சொல்லிக்கொடுத்தவன், வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்தவன், செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது ‘தேங்ஸ் அக்கா’ என்றவன். அவனுக்குத் தெரிந்துவிட்டது, விஷயம் அதுதான். அவனுக்குத் தெரியப்படுத்தியது வேறு யாருமில்லை, இந்தக் கைதான். மீன் வாடை அடிக்கிற இந்தக் கை.

அன்றைக்கும் மீன்தான் சமைத்திருந்தாள். லவீனா சாப்பிடுகிற தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் போனை நீட்டினாள், “எம்மா, இதப் படி” என்றாள், அவ்வளவுதான், அழவில்லை, முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது, கணக்குப் பரீட்சைத் தாளில் மார்க்கைக் காட்டுகிற மாதிரிதான் காட்டினாள். திரையில் மேலே சாருடைய படம். கீழே எழுத்து. நீ மத்தப் பிள்ளைங்க மாதிரி கிடையாது. இத அம்மாட்டச் சொல்லக் கூடாது. அந்த இரண்டு வரியைத்தான் படித்தாள், அதற்குக் கீழே இன்னும் இருந்தது, விரலால் தள்ளினால் வந்திருக்கும், ஆனால் அதற்குள் புத்திசாலித்தனம் வந்துவிட்டது அவளுக்கு. ஆதாரம் வேண்டும், முதலில் படம் பிடித்துவிடு என்று தோன்றி, இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கினாள். டிக் என்றது. கிடைத்தது ஒரு கறுப்புச் சதுரம். எழுத்தும் இல்லை, முகமும் இல்லை, ராத்திரியைக் கத்தரித்து ஒட்டின மாதிரி வெறும் கறுப்பு. கீழே பொடி எழுத்தில் ஒரு தகவல் வேறு, நீங்கள் படம் பிடிக்கப் பார்த்தது எதிராளிக்குத் தெரிவிக்கப்பட்டது என்று. தெரிவிக்கப்பட்டது. யாரைக் கேட்டுத் தெரிவித்தார்கள். அப்புறம் அவன் அனுப்பியிருந்ததெல்லாம், பள்ளிக்கூடப் பலகையை டஸ்டரால் துடைப்பதுபோல மேலிருந்து கீழே வரி வரியாகக் காணாமல் போனது, அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், கையை வைத்துத் தடுக்கக்கூடப் பார்த்தாள், கண்ணாடிதான் தட்டுப்பட்டது. வெறும் திரையில் புதிதாக ஒரு வரி முளைத்தது. ஜெனி அக்காவா, எதுன்னாலும் நேர்ல வந்து பேசிக்கிடுதேன். அதுவும் போய்விட்டது. இப்போது யோசித்தால் அப்படி ஒரு வரி வந்ததா என்றே சந்தேகமாக இருக்கிறது, கனவில் படித்த பேப்பர் மாதிரி. நேர்ல வந்து என்றானா, நேர்ல என்று மட்டும் எழுதினானா. எதிரே அலமாரித் தட்டில் அவளுடைய போன் சார்ஜில் கிடந்தது. அதை எடுத்து இதைப் படம் பிடித்திருந்தால் போதும், அவனுக்குத் தெரிந்தே இருக்காது, எல்லா வரியும் கிடைத்திருக்கும். கையெட்டும் தூரம். அந்தக் கையெட்டும் தூரத்தை அவள் அன்றிலிருந்து எத்தனையோ தடவை எட்டி எட்டி எடுத்துப் பார்த்துவிட்டாள், மனசுக்குள் ஒவ்வொரு தடவையும் படம் தெளிவாக விழுகிறது.

பிள்ளையின் போனை அதற்கு முன்னால் அவள் தொட்டதே கிடையாது. வீம்பு என்றே வைத்துக்கொள்ளலாம். கான்வென்ட் ஹாஸ்டலில் வார்டன் சிஸ்டர் வருகிற கடிதத்தையெல்லாம் கத்தரிக்கோலால் ஓரத்தை நறுக்கிப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார், அப்பா எழுதின ‘என் செல்ல மவளுக்கு’ என்பதைக்கூட வேறொருத்தர் கண் பட்டுத்தான் அவள் படிக்க வேண்டியிருந்தது, சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் “உங்க வீட்டு ஆடு குட்டி போட்டுச்சாமே” என்று சிஸ்டர் சிரித்துக்கொண்டே கேட்டபோது கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். அன்றைக்கே சபதம், எனக்கொரு பிள்ளை பிறந்தால் அவளுக்கு வருகிறதை நான் பிரிக்க மாட்டேன். நல்ல சபதம்தான். யாருக்கு நல்லதாகப் போயிற்று என்பதுதான் பார்க்க வேண்டியது. ஆனால் அதே சபதத்தால்தான் பிள்ளை தானாக நீட்டினாளோ, பறிக்கிற கையாக இருந்தால் நீட்டியிருப்பாளா, தெரியவில்லை, இந்த இடத்துக்கு வந்தால் யோசனை சிக்கிக்கொள்கிறது, சேலை முள்ளில் மாட்டின மாதிரி, இழுத்தாலும் கிழியும், விட்டாலும் போகாது. அவன் நல்லாச் சொல்லிக்கொடுத்தான், அதையும் மறைக்க முடியாது. கோல் காக்கிற இடத்தில் லவீனாவை நிறுத்தியதே அவன்தான். முன்னெல்லாம் பந்து வந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். கண்ணை மூடாத, பந்து ஒன்னத் தேடித்தான் வருது, வரட்டும், பாத்துக்கிட்டே நில்லு என்று மைதானத்து ஓரத்திலிருந்து அவன் கத்தினதை இவளும் கேட்டிருக்கிறாள், கேட்டு உள்ளுக்குள் உருகியும் இருக்கிறாள், பிள்ளையின் அப்பா கப்பலில் இருக்கிற வீட்டில் இப்படியொரு குரல் கிடைத்ததே என்று. பிள்ளை கற்றுக்கொண்டாள். அவன் எழுத்து அவளைத் தேடி வந்தபோது கண்ணை மூடவில்லை, பார்த்துக்கொண்டே நின்றாள், பார்த்ததை அப்படியே கொண்டுவந்து காட்டினாள். சொல்லிக்கொடுத்தவன் மேலேயே அது திரும்பும் என்று அவன் நினைத்திருக்க மாட்டான். பதின்மூன்று வயசில் தனக்கு அது வந்திருக்குமா என்று கேட்டுக்கொண்டாள் ஜெனிட்டா. வந்திருக்காது. தான் அந்தப் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு செபமாலை உருட்டியிருப்பாள்.

புகார் கொடுத்த பிறகு மகளிர் காவல் நிலையத்திலிருந்து எஸ்.ஐ. பேச்சிக்கனி மேடம் வந்தது சுடிதாரில். நாற்காலி போட்டதற்கு வேண்டாம் என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், முதுகுவலியாம், தரைதான் தோதாம். போனை வாங்கி உறையில் போட்டு ஒட்டினார். ஒட்டின கையோடு உள்ளதைச் சொல்லிவிட்டார், அதுதான் ஜெனிட்டாவுக்குப் பிடித்தது, ஆறுதலுக்குப் பொய் சொல்லவில்லை. “இதுல ஒண்ணும் இருக்காதுங்க. லேபுக்கு அனுப்புவேன், அனுப்பித்தான் ஆகணும். அந்தக் கம்பெனிக்காரன் கடல் தாண்டி இருக்கான், அவனுக்கும் மெயில் போடுவேன், என்னிக்காவது பதில் வரும். வந்தாலும் இந்த நம்பரும் அந்த நம்பரும் பேசிக்கிட்டது தெரியும், என்ன பேசுச்சுன்னு தெரியாது. கோச் பிளேயரோட பேசுறது குத்தமான்னு கேப்பான் அவன் வக்கீல்.” அப்படியானால் ஒன்றுமே இல்லையா என்று ஜெனிட்டா கேட்டபோது அந்த அம்மாள் சிரித்தார், வெற்றிலைக் கறை இல்லாத, சின்னப் பிள்ளைப் பல். “அழிஞ்சது போன்லதான. படிச்ச ஆளு முழுசா இருக்காள்ல.” அப்புறம் லவீனாவைத் தனியே கூப்பிட்டுப் பேசினபோது கதவு இடுக்கு வழியே ஜெனிட்டாவுக்குக் கேட்டது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சமே அவளை அசத்திவிட்டது. என்ன எழுதினான் என்று அவர் கேட்கவேயில்லை முதலில். எங்க உக்காந்து படிச்ச, வேன்லயா, ஜன்னல் பக்கமா, வெளிய என்ன தெரிஞ்சுது, என்ன வாடை அடிச்சுது. உப்பளம் தெரிஞ்சுது, உப்பு லாரி ஒண்ணு முன்னால போச்சு, கருவாட்டு வாடை. சரி, அந்த லாரி போகையில திரையில என்ன இருந்துச்சு. அப்படிக் கேட்டால் வரி தானாக வருகிறது, வேரோடு பிடுங்கின செடிபோல மண்ணும் சேர்ந்து. ஒரு தடவையும் தூண்டவில்லை, இப்படியா எழுதினான் அப்படியா எழுதினான் என்று வாயில் வார்த்தை போடவில்லை. கிளம்பும்போதுதான் ஜெனிட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “இந்த மாதிரி ஆளுங்க புதுசா எழுத மாட்டானுங்க. ஒரே வாக்கியத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அனுப்புவான், ஒவ்வொண்ணும் நமக்கு மட்டும்தான்னு நெனச்சுக்கும். உங்க பிள்ளையும் கூட ஆடுற அந்த இலக்கியாப் பிள்ளையும் பேசிக்காமலே ஒண்ணையே சொன்னா, அதுதான் எனக்குச் சாட்சி. பேசிக்கிட்டுச் சொன்னா வெறும் ஒப்பிப்பு. நீதிபதியம்மா முன்னால நிக்கிற வரைக்கும் நீங்களும் கேக்காதீங்க, யாரும் சொல்லவும் விடாதீங்க. தாய்க்கு இது கஷ்டந்தான்.” நாளைக் காலையில் நீதிபதியம்மா முன்னால் வாக்குமூலம். இன்னும் ஒரு ராத்திரி. கஷ்டந்தான் என்றாரே, அந்த ஒரு சொல்லுக்காகவே அவரைக் கும்பிடலாம். அந்த இரண்டு வரிக்குக் கீழே என்ன இருந்தது என்பது ஜெனிட்டாவின் தொண்டைக்குள் மீன்முள் மாதிரி குத்திக்கொண்டே இருக்கிறது. மோசமாக இருக்குமா, எவ்வளவு மோசம், கறுப்புச் சதுரத்துக்குள் அவள் தானாகவே ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்கிறாள், ஒன்றைவிட ஒன்று மோசம், உண்மையில் இருந்தது அதைவிடச் சின்னதாகக்கூட இருக்கலாம், கேட்டுவிட்டால் நிம்மதி, ஒரே ஒரு கேள்வி, மகளிடம் தாய் கேட்கிற ஒரு கேள்வி, அதைக் கேட்டால் அவன் தப்பித்துவிடுவான். கப்பலிலிருந்து புருஷன் ரெக்ஸன் அனுப்பின குரல் பதிவில் காற்றுச் சத்தம்தான் பாதி, “நான் வந்து பாத்துக்கிடுதேன், அதுவரைக்கும் யார்ட்டயும் மூச்சு விடாத” என்றான், மூச்சு விட்டாயிற்று என்று அவனுக்கு எப்படிச் சொல்வது.

தொப். மறுபடி. இந்தத் தடவை இழுக்கிற சத்தத்தோடு ஒரு முனகலும். லவீனா அறையில் படித்துக்கொண்டிருக்கிறாளே என்று எட்டிப் பார்த்தாள், புத்தகம் கிடந்தது, பிள்ளை இல்லை. கையில் மீனோடேயே படியேறினாள் என்பது பாதிப் படியில்தான் உறைத்தது. மாடிக்கதவு திறந்திருந்தது. இருட்டுக்குள் ஒரு பெரிய உருவம், காலிரண்டும் தூண் மாதிரி, மூச்சு வாங்கிக்கொண்டு. ஜெனிட்டா வாய் திறப்பதற்குள் உருவம் குனிந்து, கைச்சுவரில் ஒரு பந்தை எறிந்து, திரும்பி வந்ததைக் காலால் மறித்தது. தொப். நைட்டிக்கு மேலே கோல்கீப்பர் கால் கவசமும் மார்புக் கவசமும் கையுறையும் மாட்டிக்கொண்டு நிற்கிறாள் மகள், அன்றைக்குக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு இத்தனை நாள் திரும்பிக்கூடப் பார்க்காத அதே கவசம். “ஏட்டி, இருட்டுல என்ன செய்யுத.” “பாத்தா தெரியல. பந்து தடுக்கேன்.” “லைட்டப் போட்டுத் தடுத்தா என்னவாம்.” “லைட்டப் போட்டா தெருவே பாக்கும். அன்னா பாரு அந்தப் பிள்ளன்னு சொல்லும். இருட்டுல பந்து வாரது சத்தத்துலயே தெரியுதும்மா, நல்லாருக்கு.” கையைப் பார்த்தாள். “எதுக்கு மீனத் தூக்கிட்டு வந்திருக்க. அடிக்கவா.” ஜெனிட்டாவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு சேர்ந்து வேறொன்றும் வந்தது, அதை விழுங்கினாள். மூக்கில் கவசத்தின் பழைய வியர்வை நாற்றம். அடுத்த மாசம் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், சார் இல்லாமல் யார் பேரைக் கொடுப்பார்கள் என்று பிள்ளை கேட்கவில்லை, வேறு யாராவது வருவார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் கால் கவசத்தைக் கட்டியிருக்கிறாள். இப்போது கேட்டுவிடலாம். இருட்டாக இருக்கிறது, முகம் தெரியாது, சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் சொல்லுகிற கூண்டு மாதிரி, அவள் சொல்வாள், இவள் கேட்பாள், இரண்டு பேரும் அழுதுவிட்டு இறங்கலாம். லவீனா என்று கூப்பிட்டாள். “என்னம்மா.” “ஒண்ணுல்ல.” “கேக்கப் போற, தெரியுது. கேக்காத. மேடம் சொல்லிருக்காங்கல்ல.” பந்தை எடுத்துக் கையில் உருட்டினாள். “நானே உள்ளுக்குள்ள சொல்லிப் பாக்க மாட்டேங்கேன். சொல்லிச் சொல்லிப் பாத்தா மனப்பாடம் ஆயிரும்லா. அப்டியே இருக்கட்டும்னு விட்டுருக்கேன்.” இந்தப் பிள்ளை தன் வயிற்றில்தான் இருந்ததா. எட்டாம் வகுப்புச் செய்யுளை ஒப்பிக்கத் தெரியாமல் வெளியே முட்டிபோட்ட பிள்ளை, ஒரு வாக்கியத்தைத் தொடாமல் காவல் காத்துக்கொண்டிருக்கிறாள், கோலுக்கு முன்னால் நிற்கிற மாதிரி. தான் செய்ததெல்லாம் இரண்டு பொத்தானை அமுக்கினதுதான்.

வாசலில் “ஏளா ஜெனி” என்று குரல் கேட்டது. இறங்கி வந்தால் சண்முகக்கனி அக்கா, பின்னால் இலக்கியா, அக்காவின் கையில் மூடி போட்ட தூக்குவாளி. பயப்பட வேண்டிய முகமே இல்லை, இந்தத் தெருவில் ஜெனிட்டாவுக்கு உள்ள ஒரே முகம். லவீனாவுக்கு விரல் முறிந்தபோது ஆட்டோவுக்குக்கூடக் காத்திராமல் ஸ்கூட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனவள், ஸ்டேஷனுக்குத் துணைக்கு வந்தவள், வந்த இடத்தில் ‘எனக்கும் அனுப்பினார்’ என்று தன் பிள்ளையே வாயைத் திறக்க, சுவரில் சாய்ந்து நின்றவள். “என்ன மீனக் கைல வச்சுக்கிட்டு நிக்க, சாமி வந்துட்டா. தள்ளு, புட்டு கொண்டாந்திருக்கேன். பிள்ளைகள உக்கார வச்சு ஒரு தடவ பேச விடுவோம். நாளைக்கு ரெண்டும் ஒண்ணுபோலச் சொல்லணும்லா. இது கெழக்கயும் அது மேக்கயும் சொல்லி வச்சா அவன் வக்கீலு விடுவானா.” உள்ளே வரக் கால் எடுத்துவைத்தாள். ஜெனிட்டா நிலையில் கையை வைத்தாள், மீனோடு. “இன்னைக்கு வேண்டாம்க்கா. நாளைக்கு முடிஞ்ச பெறகு வாங்க.” “வேண்டாமா. எம்பிள்ளைக்கும் சேத்துத்தானளா சொல்லுதேன்.” “மேடம் பேசக்கூடாதுன்னு சொல்லிருக்காங்க.” “அவுகளுக்கு என்ன, உத்தியோகம். நாளைக்கு நம்ம பிள்ளை பொய் சொல்லுதுன்னு எழுதிட்டுப் போவாக. பெத்தவ நாமதான ரெண்டையும் ஒத்து வைக்கணும்.” எவ்வளவு நியாயமாக இருக்கிறது. மாடியில் பிள்ளை சொன்னதைக் கேட்பதற்கு முன்னால் வந்திருந்தால் ஜெனிட்டாவே பாய் விரித்து உட்கார வைத்திருப்பாள், இரண்டு பிள்ளைகளையும் எதிரெதிரே, சொல்லு, நீ சொல்லு, இல்ல அப்படியில்ல, இப்படி, என்று தட்டிச் சீர்பண்ணி, இரண்டு வாயிலும் ஒரே பாட்டு. இரண்டும் மாறிச் சொன்னாலும் சொந்தமாகச் சொல்லட்டும் என்பதை எப்படி இவளுக்கு விளக்குவது, கான்வென்டில் கற்றுக்கொடுத்த எந்த மரியாதை வாக்கியமும் இதற்கு உதவாது. “உள்ள வரக்கூடாதுங்குத. அதான. படிச்ச கொழுப்பு ஒன்ன விட்டுப் போவல.” அக்காவின் குரல் உடைந்துவிட்டது. “எம்மா, வா போவோம், நான் ஒண்ணும் பேச வரல” என்று இலக்கியா பின்னாலிருந்து சேலையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பிள்ளையின் கண் ஜெனிட்டாவைத் தாண்டி மாடிப்படிக்குப் போயிற்று. ஜெனிட்டாவும் திரும்பினாள். படியில் கால் கவசத்தோடு லவீனா. இரண்டு பிள்ளைகளும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள், அவ்வளவுதான், தலையைக்கூட ஆட்டவில்லை. பிறகு இலக்கியா இரண்டு கையாலும் தன் காதைப் பொத்திக்கொண்டாள். ஒரு நொடி கழித்து லவீனாவும், அந்தத் தடித்த கையுறையோடேயே. பெற்றவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாத ஒன்று இந்த இரண்டுக்கும் தெரிந்திருக்கிறது. “நல்லாப் பொத்துங்கட்டி” என்றாள் அக்கா, “பெத்த வயிறு எரியுதது ஒங்களுக்கு எங்க தெரியும். ஏளா ஜெனி, நீயாவது கேளு, எனக்கு நெஞ்சு வெடிச்சிரும் போல இருக்கு, யார்ட்டயாவது சொல்லணும். அவன் எம்பிள்ளைக்கு என்ன எழுதுனான் தெரியுமா, அவன் எழுதுனது என்னன்னா.” இத்தனை நாள் குத்திக்கொண்டிருந்த முள்ளுக்கு மருந்து இதோ வாசலில் நிற்கிறது. அவன் எல்லாருக்கும் ஒன்றையே எழுதுகிறவன் என்றால் இவள் சொல்லப்போவதுதான் அந்த இரண்டு வரிக்குக் கீழே இருந்தது, ஜெனிட்டாவுக்கு மட்டும், காதோடு காதாக, பிள்ளைகள்தான் பொத்திக்கொண்டிருக்கிறார்களே. அக்காவை உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, அழவிட்டு. ஆனால் கேட்டபிறகு தன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பாள், விடிய விடிய அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதானே பிள்ளை சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், காலையில் கோர்ட்டுக்குக் கூட வர வேண்டும், அது வாக்கியத்தைவிடச் சத்தமாகப் பேசிவிடுமே. “மன்னிச்சிருங்கக்கா” என்றாள். மீன் கீழே விழுந்தது. இரண்டு கையாலும் கதவை இழுத்தாள். படுக்கப் போகிற வரைக்கும் எந்த வீட்டுக் கதவும் சாத்தாத தெரு இது, எதிர்வீட்டு டிவி முன்னாலிருந்து ஒரு தலை எழுந்து பார்த்தது, பார்க்கட்டும். அக்காவின் முகம் நிலைக்கும் பலகைக்கும் நடுவே ஒடுங்கி, ஒரு கண்ணாகி, கோடாகி, இல்லாமல் போயிற்று. கடல் காற்றில் துருவேறிப்போன மேல் தாழ்ப்பாள், போட்டுப் பழக்கமில்லை, அசைய மாட்டேன் என்றது. கால்விரலில் எம்பி நின்று உள்ளங்கையால் அதைக் குத்தினாள். “என்ன எழுதுனான்னா” என்று வெளியே குரல் மறுபடி ஆரம்பித்தது, ஜெனிட்டா உரக்க, வாய்க்கு வந்ததை, கான்வென்டில் காலையில் சொல்லுகிற செபத்தை, கூடம் முழுக்கக் கேட்கும்படி சத்தம்போட்டுச் சொல்லிக்கொண்டே இன்னொரு தடவை குத்தினாள், உள்ளங்கை கிழிந்தது, இரும்பு நகர்ந்து ஓட்டைக்குள் கடைசி வரைக்கும் போய் உட்கார்ந்தது.